அப்பனுக்கு ஒரு நூல்

ஓரிக்கையில் பாலாற்றுக்குப் போகிற மண் பாதையில், கடைசி வீட்டையும் தாண்டினால் கருவேல மரங்களுக்கு நடுவே பூவம்மாளின் பன்றிக் கொட்டில் வரும். அந்தப் பக்கம் யாரிடம் வழி கேட்டாலும், "பன்னிக் காதுல பட்டு கட்டுவாங்களே, அந்தம்மாவா?" என்று சிரித்தபடிதான் கை காட்டுவார்கள். அந்தச் சிரிப்பைப் பற்றிப் பூவம்மாள் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. அவள் நெஞ்சில் முள்ளாய்த் தைத்திருந்தது வேறு ஒன்று.

அவள் பிறந்தது முசரவாக்கத்தில். ஒன்பது வயதில் ராட்டை முன்னால் உட்கார்ந்து பட்டு நூல் சுற்றத் தொடங்கியவள். வாழ்க்கைப்பட்டது சாயப் பட்டறைத் தொழிலாளி முருகேசனுக்கு. கொதிக்கிற சாயத் தொட்டியின் புகையை இருபது வருஷம் நெஞ்சுக்குள் இழுத்த மனிதன், ஒரு மார்கழியில் இருமி இருமியே ஓய்ந்து போனான். மகள் ரேவதிக்கு அப்போது ஆறு வயது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகும் ஒருவன் மட்டும் போகவில்லை. அவள் தம்பி வேல்முருகன்.

"நீ போலையாடா?" என்று கேட்டாள்.

"எங்க போவறது? உனுக்கு யார் இருக்குறா, எனுக்கு யார் இருக்குறா?" என்றவன், மறுவாரம் ஒரு கோணிப்பையைத் தோளில் சுமந்து வந்து வாசலில் அவிழ்த்தான். உள்ளேயிருந்து மூன்று கறுப்புப் பன்றிக் குட்டிகள் கீச்சிட்டுக்கொண்டு ஓடின. பூவம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் காஞ்சிபுரத்தில் கல்யாண மண்டபங்களுக்குப் பஞ்சமில்லை. மிஞ்சிய சோற்றுக்கும் பஞ்சமில்லை. தள்ளுவண்டியில் தினம் நான்கு பீப்பாய் சோறு வந்தது. மூன்று குட்டிகளும் மூன்று தாய்களாயின. அக்காளும் தம்பியும் தலை நிமிர்ந்தார்கள்.

குட்டிகள் பெருகியபோது எது எந்தத் தாயினுடையது என்று தெரியாமல் குழம்பியது. அப்போதுதான் பூவம்மாளுக்கு அந்த யோசனை வந்தது. பக்கத்துத் தெருவில் தறி போட்டிருந்த வடிவாம்பாள் வீட்டில் அறுந்த பட்டு நூல் கூடை கூடையாய்க் கிடக்கும். அதைக் கேட்டு வாங்கி வந்து, குட்டி பிறந்த பத்தாம் நாள் காதில் ஊசியால் குத்தி, தாய்க்கு ஒரு நிறமாய் நூல் கோத்து முடிச்சுப் போட்டாள். ஒரு தாயின் குட்டிகளுக்கு அரக்கு. ஒன்றுக்கு மாம்பழ மஞ்சள். இன்னொன்றுக்கு மயில்கழுத்து. சேற்றில் புரண்டாலும் சாயம் போகாது, இழுத்தாலும் அறாது.

"ஏன்டி பூவம்மா, எம் பொண்ணு பட்டுக்கு அழுவுறா. உன் பன்னி பட்டு கட்டிக்கினு சாக்கடையில பொரளுது!" என்பாள் வடிவாம்பாள்.

"கூறைப் புடவையா கட்டுனேன்? ஒரு இழை தானக்கா," என்பாள் பூவம்மாள்.

அதில் ஒரு வழக்கமும் வைத்திருந்தாள். ஒரு பெண் குட்டி வளர்ந்து, தானே தாயாகும்போது, பிறந்த வீட்டு நூலை அறுத்துவிட்டுப் புது நிறம் ஒன்று கட்டுவாள். "கட்டிக் குடுத்த பொண்ணுக்குத் தனிக் குடித்தனம்" என்று அதற்கு ஒரு காரணம். இறந்துபோகிற பன்றியின் காதிலிருந்து மட்டும் நூலை அவிழ்த்து ஒரு பவுடர் டப்பாவில் போட்டு வைப்பாள். பட்டை மண்ணில் புதைக்க அவளுக்கு மனம் வராது. முருகேசன் நுரையீரலைக் கொடுத்துச் சாயமேற்றிய நூலாக அது இருக்குமோ என்னவோ!

தொண்ணூற்றைந்தில் வேல்முருகன் ராசாவைக் கொண்டுவந்தான்.

ஆந்திர எல்லைப் பக்கம் மூடப்படவிருந்த ஏதோ ஒரு பண்ணையிலிருந்து வாங்கி வந்த சீமை ஆண் பன்றி அது. வெள்ளை உடம்பு. பின்னாலிருந்து பார்த்தால் இரண்டு தொடைகளும் இரண்டு அண்டாவைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். வேல்முருகன் நாக்கை மடித்து ஒரு சீட்டி அடித்தால் போதும், எங்கிருந்தாலும் குலுங்கிக் குலுங்கி ஓடி வரும். ராசாவுக்குப் பிறந்த குட்டிகள் எல்லாம் கொழுப்பில்லாமல், சதை திரண்டு, அப்பனைப் போலவே நின்றன. பரங்கிமலையில் கறிக்கடை வைத்திருந்த யேசுதாஸ், "இந்த மாதிரி தொடை மெட்ராஸ்லயே கெடையாதுபா" என்று வேல்முருகனைக் கட்டிக்கொண்டான். அந்தக் குட்டிகளில் நல்ல பெண்களாக நான்கைத் தாய்க்கென்று நிறுத்திக்கொண்டார்கள். வழக்கப்படி பழைய நூலை அறுத்து, கிளிப்பச்சை, கத்திரிப்பூ, வெங்காயத்தோல், ரோஜா என்று புது நூல் கட்டினாள் பூவம்மாள்.

பிறகுதான் அந்தக் கொடுமை தொடங்கியது.

வண்டியேற்றுகிற நாளில், நன்றாகத் தின்று கொழுத்து நின்ற பன்றி, பிடிக்கப் போனதும் நடுங்கும். வாலில் தொடங்கும் நடுக்கம். தோலெங்கும் திட்டுத் திட்டாய்ச் சிவக்கும். வாயைப் பிளந்து மூச்சு வாங்கும். தொட்டால் அடுப்பு மாதிரி கொதிக்கும். நாலு காலும் கட்டையாய் விறைத்து, பத்தே நிமிஷத்தில் சாய்ந்துவிடும். பிழைத்து வண்டியேறிப் போனதிலும் சிலவற்றைப் பற்றி யேசுதாஸ் புலம்பினான்.

"கறியாமா இது? தொவச்ச துணி மாதிரி வெளுத்துக் கெடக்குது. பேப்பர்ல கட்டிக் குடுத்தா பேப்பர் ஊறிப் பூடுது. தண்ணி ஊசி போட்டுக்கினு வந்துட்டியான்னு ஜனங்க என்னியக் கேக்குறாங்க!"

தொண்ணூற்றெட்டு டிசம்பர், கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு ஒரே காலையில் மூன்று விழுந்தன. வண்டியருகே யேசுதாஸ் நின்றிருந்தான். வேடிக்கை பார்க்கத் தெருவே நின்றிருந்தது. பன்றி பிடிக்கிறவன் எப்போதும் வேல்முருகன் ஒருவன்தான். அவன் கையில் அன்று ஒரு கழி இருந்தது.

"பயந்து செத்த பன்னிமா இது," என்றான் யேசுதாஸ். "உன் தம்பி கை லேசுப்பட்ட கை இல்ல."

பூவம்மாளுக்கு அந்த நேரத்தில் கண்ணை மறைத்தது என்ன பேயோ! தெருவே கேட்க அலறினாள்: "உன் கையில எமன் உக்காந்துக்கினு இருக்குறான்டா! வாயில்லாத ஜீவனை அடிச்சே கொல்றியே, நீ மனுசனா?"

வேல்முருகன் கழியைக் கீழே போட்டான். அந்தக் கழி விழுந்த சத்தம் அவள் காதை விட்டு இன்றுவரை போகவில்லை.

"ஒரு அடி கூட நான் அடிக்கலக்கா. வழி மறிக்கத்தான் கழி. நான் அடிக்கலன்னு இதே ஜனங்க கேக்க நீயா வந்து சொல்ற வரிக்கும், இந்த எடத்துல கால் வைக்க மாட்டேன்."

போய்விட்டான். வாலாஜாபாத்தில் ஓர் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறான் என்று செய்தி மட்டும் வந்தது.

அதற்குப் பிறகு பன்றிகளைப் பூவம்மாளே தவிட்டைக் காட்டி, கூப்பிட்டு, நயமாய் வண்டியேற்றினாள். சாவு குறைந்தது. "பாத்தியா, அவன் கைதான்" என்றது தெரு. அவளும் அதை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் இரண்டாயிரம் சித்திரையில் ஒரு பகலில், ஆற்றங்கரைப் பக்கம் பெண்ணழைப்பு ஊர்வலம் போனது. சரவெடி கொளுத்தினார்கள். கொட்டிலில் சும்மா நின்றிருந்த ஆறு மாதக் குட்டி ஒன்றின் வால் நடுங்கியது. தோல் சிவந்தது. பூவம்மாள் குடத்தோடு பார்த்துக்கொண்டிருக்கும்போதே விறைத்து விழுந்தது. யாரும் தொடவில்லை. யாரும் துரத்தவில்லை. வேல்முருகன் பத்து மைலுக்கு அப்பால் மூட்டை சுமந்துகொண்டிருந்தான்.

அவளே குழி தோண்டிப் புதைத்தாள். கத்திரிப்பூ நூலை அவிழ்த்து டப்பாவில் போட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், பெற்ற பிள்ளை போல வளர்த்த தம்பியைப் பழி சொல்லித் துரத்தினவள் என்ற பெயர் நிலைத்துவிடுமே! தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள அவன் மானத்தை அந்த டப்பாவுக்குள் பூட்டி வைத்தாள். சோறு இறங்கவில்லை. ரேவதி, "மாமா எப்பம்மா வரும்?" என்று கேட்டால் அடுப்பை ஊதுகிற சாக்கில் குனிந்துகொள்வாள்.

இரண்டாயிரத்து ஒன்று ஆடியில் ஒரு ஸ்கூட்டி அந்த மண் பாதையில் திணறித் திணறி வந்தது. இறங்கியவள் ஸௌம்யா. சின்ன காஞ்சிபுரத்துப் பெண். அப்பா தேசிகன், பள்ளிக்கூட வாத்தியார். அவள் கால்நடை மருத்துவம் முடித்து, பன்றிக் கறியின் தரம் எப்படித் தலைமுறை வழியாக வருகிறது என்று சென்னையில் மேல்படிப்பு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள்.

"கறியே துன்னாத வூட்டுப் பொண்ணு, பன்னிக் கறிய ஆராய்ச்சி பண்றியா?" பூவம்மாளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "உங்கப்பா வூட்டுக்குள்ள சேக்குறாரா?"

"அத்தைதான் மூஞ்சியத் தூக்கி வச்சுண்டா. அப்பா, 'பெருமாளே எடுத்த ரூபம், நீ போய்ப் படி'ன்னுட்டார்," என்றாள் ஸௌம்யா. "ஆனா வாசல்லயே குளிச்சுட்டுதான் உள்ள போகணும்."

இரத்தம் எடுக்க வந்தவள், காதில் தொங்கிய நூல்களைப் பார்த்ததும் ஊசியை மறந்தாள். ஒவ்வொரு நிறத்தையும் கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதினாள். பிறகு தலை நிமிர்ந்து கேட்டாள்: "எல்லாம் அம்மாவோட நூல். அப்பாவுக்கு எந்த நூல்?"

"அப்பனுக்கு எதுக்குமா நூலு? இங்க இருக்குறது ஒரே ராசாதானே!"

"சரி. கிளிப்பச்சையோட அப்பா யாரு?"

பூவம்மாள் கிளிப்பச்சைக்காரியைத் திரும்பிப் பார்த்தாள். "அதுவும்... ராசாதான்."

"கத்திரிப்பூ? வெங்காயத்தோல்?"

பூவம்மாள் எழுந்து உள்ளே போனாள். பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து, ஒரு முறத்தில் கவிழ்த்தாள். செத்துப்போன பதினோரு பன்றிகளின் பதினோரு நூல். நிறம் பிரித்தாள். நான்கு கிளிப்பச்சை. ஐந்து கத்திரிப்பூ. இரண்டு வெங்காயத்தோல். அவ்வளவுதான். அரக்கு ஒன்றுகூட இல்லை. மஞ்சள் இல்லை. மயில்கழுத்து இல்லை. கோணிப்பையில் வந்த அந்த மூன்று கறுப்புத் தாய்கள் பெற்ற குட்டி ஒன்றுகூட அப்படிச் சாகவே இல்லை. செத்தது அத்தனையும் ராசாவின் மகள்கள் ராசாவுக்கே பெற்றவை. மூன்று வருஷமாய் இந்த உண்மை அவள் வீட்டு அலமாரியில், மூடி போட்ட டப்பாவுக்குள், நிறம் நிறமாய் உட்கார்ந்திருந்திருக்கிறது! புது நூல் கட்டுகிறேன் என்று பிறந்த வீட்டு நூலை அறுத்தாளே, அப்போது அறுத்தது அப்பன் வழியை என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஸௌம்யா முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் நீர் கோத்திருந்தது. "பூவம்மா, நான் ரெண்டு வருஷமா தேடறதை நீங்க முடிச்சுப் போட்டு வச்சிருக்கேள்."

"இரு," என்றாள் பூவம்மாள் திடீரென்று. "ரோஜாவும் ராசா மகதான். அதோட குட்டி ஒண்ணும் சாவலையே?"

"அதுக்குப் பதில் இரத்தத்துல இருக்கும். நீங்களே வந்து பாருங்கோ."

மூன்று வாரம் கழித்து, ஆவணி மாதம் ஒரு காலையில் பூவம்மாள் பேருந்தேறிச் சென்னைக்குப் போனாள். கல்லூரியில் ஓர் இருட்டறைக்குள் ஸௌம்யா அழைத்துப் போனாள். கண்ணாடிப் பலகை மேல் பனை நுங்கு போல ஒரு வழுவழுப்பான தகடு இருந்தது. ஸௌம்யா ஒரு விசையைத் தட்டினாள்.

தகட்டுக்குள் கோடுகள் ஒளிர்ந்தன. பூவம்மாள் குனிந்து பார்த்தாள். அறுத்தெடுத்த புடவைக் கரையை இருட்டில் பிடித்து, அதன் ஜரிகைக்கு உயிர் கொடுத்தது போல! இதுவா இரத்தம்? சிவப்பாய் ஊசியில் ஏறியது இதுவா?

"இது மயில்கழுத்து," என்றாள் ஸௌம்யா. "ரெண்டு கோடு. ரெண்டு கோடுன்னா அப்பா வழியும் சரி, அம்மா வழியும் சரி. இது ராசா."

மூன்று கோடு.

"ஒரு வழி சரி, ஒரு வழி பழுது. நல்லது மூடிக் காப்பாத்தறதால ராசாவுக்கு ஆபத்தில்ல. கிளிப்பச்சை, கத்திரிப்பூ, வெங்காயத்தோல் மூணும் பாருங்கோ, மூணு கோடு. அப்பாகிட்டேருந்து பழுதை வாங்கிண்டா. ரோஜா?"

இரண்டு கோடு. பூவம்மாளின் கை தானாகக் குவிந்தது. ஒரே அப்பன், ஒரே கொட்டில், ஒரே சோறு. ஒருத்திக்கு மட்டும் நல்லதைப் பொறுக்கிக் கொடுத்த அந்தக் கை யாருடையது?

கடைசியில் தனியாக, மேலே ஒரே ஒரு கோடு ஒளிர்ந்தது. "இது போன மாசம் நான் இரத்தம் எடுத்த கிளிப்பச்சைக் குட்டி. ரெண்டு பக்கமும் பழுது. நல்ல கோடே இல்ல."

"உயிரோட இருக்குதேமா. காலையில கஞ்சி குடிச்சுதே!"

"பயப்படாத வரைக்கும் இருக்கும். சதைக்குள்ள ஒரு கதவு இருக்கு, பூவம்மா. சுண்ணாம்புச் சத்தை அடைச்சு வைக்கிற கதவு. அது திறந்தா சதை இறுகும், மூடினா தளரும். இந்தக் குட்டிக்குப் பயந்தா கதவு திறந்துடும், மூடத் தெரியாது. சதை இறுகி இறுகித் தன்னையே கொதிக்க வச்சுக்கும். சூடு அடங்கறதுக்குள்ள புளிப்பேறி, கறி வெளுத்துத் தண்ணி விடும். யேசுதாஸ் சொன்னதா நீங்க சொன்னேளே, அதான். அந்தக் கதவுக்கான எழுத்து பதினஞ்சாயிரம். அதுல ஒரே ஒரு எழுத்து மாறிருக்கு. அந்த ஒரு எழுத்துதான் தொடையில சதையைக் கூட்டிக் கொழுப்பைக் குறைக்கறதுல கை கொடுக்கறது. அதனாலதான் ஜனங்க பொறுக்கிப் பொறுக்கி வளர்த்தா. எந்த நாட்டுப் பன்னிகிட்ட இது இருந்தாலும், என்னைக்கோ இருந்த ஒரே மூதாதைகிட்டேருந்து வந்ததுன்னு சொல்றா."

ஒரு பன்றி. எந்தச் சீமையிலோ, எந்தக் காலத்திலோ, பேர் தெரியாத ஒரு பன்றியின் உடம்பில் ஓர் எழுத்து பிசகியது. அது கடல் தாண்டி, மலை தாண்டி, அப்பன் மகளாய்க் கைமாறி, ஓரிக்கைக்கு வந்து, அக்காளையும் தம்பியையும் பிரித்துவிட்டது. பூவம்மாள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"டாக்டரம்மா, இதுக்குக் கழியால அடிக்கணுமா?"

"அடிக்க வேண்டாம். தொடக்கூட வேண்டாம். ஒரு வெடிச் சத்தம் போதும்."

அப்போதுதான் அவள் அழுதாள். சரவெடிக் கதையை முதல் முறையாக ஓர் உயிரிடம் சொல்லி அழுதாள். ஸௌம்யா அந்தக் கோடுகளைப் படம் எடுத்து, ஒரு பிரதியை அவள் கையில் கொடுத்தாள்.

மறுநாள் அரிசி ஆலை வாசலில், லாரியில் மூட்டையேற்றிக்கொண்டிருந்த பத்து ஆட்களுக்கு நடுவே போய் நின்றாள் பூவம்மாள். பின்னால் ரேவதி, வடிவாம்பாள், அதோடு தெருவில் அன்றைக்கு நின்ற ஏழெட்டுப் பேர். யேசுதாஸையும் வரச் சொல்லியிருந்தாள். வேல்முருகன் இளைத்திருந்தான். முதுகில் இருந்த மூட்டையை இறக்காமல் அப்படியே நின்றான்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. எந் தம்பி அடிக்கல. ஒரு அடி கூட அடிக்கல. நான்தான் வாய் கூசாம பழி போட்டேன். அவன் இல்லாதப்பவும் ஒண்ணு செத்துச்சு. எங்கண்ணு முன்னாடி. அத நான் மறைச்சேன். இதோ இருக்குது பாரு, சாட்சி." படத்தை நீட்டினாள். "இது ராசா. இது அதோட மக. இது குட்டி. அப்பன் வழியில ஒண்ணு, ஆத்தா வழியில ஒண்ணு. உன் கை இதுல எங்கியும் இல்லடா வேலு!"

யேசுதாஸ் முன்னால் வந்து, "நானும் சொன்னேன்பா. எம் மேலயும் தப்புதான்" என்று தலை குனிந்தான்.

வேல்முருகன் மூட்டையை மெல்ல இறக்கினான். கையைத் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கி, தலைகீழாய்ப் பிடித்து, திருப்பிப் பிடித்து, நெடுநேரம் பார்த்தான்.

"இதுல ராசா எதுன்ன?"

"மூணு கோடு."

"மூஞ்சி நல்லா வுழலையே," என்றான். உதடு கோணியது. மூட்டை சுமந்து இறுகிய அந்த உடம்பு குலுங்கி அழுவதை அந்த ஆலை ஆட்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. "ரெண்டு வருசத்துக்கு மேல எங் கையவே நான் பாத்துக்கினு இருந்தேன்க்கா. ராத்திரி படுத்தா பாப்பேன். ஒருவேள அடிச்சிட்டு மறந்துட்டமோ, எங் கையிலயே இன்னாமோ இருக்குதோன்னு."

பூவம்மாள் அந்த இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அன்று மாலை ஓரிக்கையில், கொட்டில் வேலிக்கு வெளியே நின்று வேல்முருகன் நாக்கை மடித்துச் சீட்டி அடித்தான். ராசா குலுங்கிக்கொண்டு ஓடி வந்தது. கிழடு தட்டியிருந்தாலும் தொடை அதே தொடைதான். இனி அதற்குத் தனிக் கொட்டில், சாகும்வரை கஞ்சி. தாய்ப் பன்றிகளோடு சேர்க்கை கிடையாது என்று ஸௌம்யா சொல்லியிருந்தாள். மூன்று கோட்டுக்காரிகளையும் இனி ஈன விடக்கூடாது. இரத்தம் பார்த்து, இரண்டு கோடு என்று உறுதியான ஒரு புது ஆண் பன்றி அடுத்த மாதம் வரப்போகிறது. அந்த ஒற்றைக் கோட்டுக் குட்டியை மட்டும் வேல்முருகன் யாரையும் நெருங்கவிடாமல், வெடிச் சத்தம் கேட்டால் காதைப் பொத்தித் தலையை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு வருஷம் காப்பாற்றினான் என்பது தனிக் கதை.

தை மாதம், புது ஆண் பன்றிக்கு ரோஜா ஒன்பது குட்டி போட்டது. பத்தாம் நாள் பூவம்மாள் ஊசியோடு உட்கார்ந்தாள். வேல்முருகன் ஒவ்வொரு குட்டியாய்ப் பிடித்துக் கொடுத்தான். இடது காதில் ரோஜா நூல் கட்டி முடித்ததும் அவன் குட்டியை வாங்கக் கை நீட்டினான்.

"இருடா, இன்னும் முடியல," என்றாள் அவள். வலது காதைத் திருப்பி, வெள்ளை நூல் ஒன்றை ஊசியில் கோத்தாள்.